விழாத நாட்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு முதியோர் இல்லத்துக்குள் நுழைந்ததும் அவள் முதலில் பார்த்தது அப்பாவை அல்ல, பலகையைத்தான். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிய வெள்ளைப் பலகை. மேலே பெரிய எழுத்தில் 'யாரும் விழாத நாட்கள்' என்று அச்சடித்திருக்கும். கீழே தினமும் காலையில் பழைய எண்ணை அழித்துவிட்டு அடுத்த எண்ணை எழுதுவார்கள். அன்றைக்குத் தொண்ணூற்றாறு.

பலகை அவள் வாங்கிக் கொடுத்ததுதான். அவள் ஒரு பெரிய தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அங்கேயும் வாசலில் இதே மாதிரி ஒன்று உண்டு. தலைக்கவசம் போடாமல் எங்கோ ஒரு மூலையில் யாராவது நின்றால்கூட அவளுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும். தொழிலாளிகள் முகத்துக்கு நேரே 'சேஃப்டி மேடம்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வது வேறு. அது அவளுக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டாள். இருபது வருஷமாகத் தன் கண்காணிப்பில் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பது அவளுக்குப் பெருமை. நியாயமான பெருமைதான்.

அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். வயது எண்பத்தொன்று. நாற்பது வருஷம் கட்டடங்களின் வெளிச்சுவருக்கு வண்ணம் பூசியவர் என்பதால் இல்லத்தில் எல்லோருக்கும் அவர் 'பெயின்டர்'தான். அவருடைய இருக்கைக்கு அடியில் ஒரு தட்டையான விரிப்பு இருந்தது. அதிலிருந்து ஓர் ஒயர் முதுகுப் பக்கம் தொங்கும் சின்னப் பெட்டிக்குப் போகும். அவர் இடுப்பைக் கொஞ்சம் தூக்கினால் போதும், பெட்டி அலறி ஊரைக் கூட்டிவிடும். யாராவது ஓடிவந்து "உக்காருங்க ஐயா, உக்காருங்க" என்று உட்கார வைப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்த 'உக்காருங்க' காதில் விழுகிறது என்று பக்கத்துக் கட்டில் கணக்கு வாத்தியார் ஒருநாள் எண்ணத் தொடங்கி, முப்பத்தேழில் தூங்கிப்போனார்.

இந்த ஏற்பாடும் அவள் கேட்டு வாங்கியதே. சேர்க்கும்போது நிரப்பிய படிவத்தின் அடியில் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள்: எழுந்து நிற்க அனுமதிக்கக் கூடாது, எங்கே போனாலும் சக்கர நாற்காலிதான்.

அவளைக் குறை சொல்ல முடியாது. ஒரு வருஷத்துக்கு முன்னால், அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், அப்பா வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கூடத்தில் போன் ஏழு தடவை அடித்தது. ஏழும் அவள் கூப்பிட்டதுதான். ஏதோ தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு சாவகாசமாகச் சாயங்காலம் வந்து கதவைத் திறந்தாள். ஈரத்தரையில் ஆறு மணி நேரம் கிடந்த மனிதர் அவளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டியாம்மா?" என்பது. அந்தக் கேள்வியை அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை. ஊரிலுள்ள எல்லோரையும் காப்பாற்றுகிறவள் சொந்த அப்பாவைக் கோட்டை விட்டுவிட்டாளே என்று அவள் தன்னைத்தானே திட்டிக்கொள்ளாத நாள் கிடையாது.

இங்கே சேர்த்த முதல் ஆறு மாதம் அப்பா தேறவில்லை. பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. அவள் வந்தால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே "ம்" என்பார். ஆனால் இந்த இரண்டு மாதமாக ஆள் மாறிவிட்டார். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. தட்டைக் காலி செய்கிறார். தான் வாங்கிக் கொடுத்த சத்து மாத்திரைதான் வேலை செய்கிறது என்று அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தாழ்வாரக் கோடிச் சுவரைப் பாத்தியா?" என்றார் அப்பா, அவள் உட்காருவதற்கு முன்பே. "யாரோ பட்டி பாத்துச் சமப்படுத்தாமலே பெயின்ட் அடிச்சிருக்கான். மேல ஒரு கோட்டு, அதோட கையைக் கழுவிட்டான். விரலால தட்டினா பொலபொலன்னு உதிருது."

"சரிப்பா. சொல்றேன் அவங்ககிட்ட" என்று சிரித்தவள், கட்டிலுக்கு அடியில் கிடந்த அவருடைய செருப்பை எடுத்து ஓரமாக வைக்கக் குனிந்தாள். தடுக்கி விழ வழி செய்யும் எதுவும் தரையில் கிடப்பது அவளுக்குப் பிடிக்காது.

எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வழுக்காத அடிப்பாகம் உள்ள செருப்பு அது. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் புதிதாக வாங்கிக் கொடுத்தாள். இப்போது திருப்பிப் பார்த்தால் குதிகால் பக்கம் வரிகள் தேய்ந்திருந்தன. வலது கால் அதிகமாக, இடது கால் கொஞ்சம் குறைவாக. நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் மனிதரின் செருப்பு தேயாது. தேய்மானத்தைப் பார்த்தே இயந்திரத்தின் கதையைச் சொல்லிவிடுகிற தொழில் அவளுடையது. சுவரை விரலால் தட்டிப் பார்த்தேன் என்று அவர் சற்றுமுன் சொன்னதும் அப்போதுதான் அவள் மண்டையில் ஏறியது. கோடிச் சுவர் இந்த நாற்காலியிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

"அப்பா, நீங்க நடக்கறீங்களா?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கணக்கு வாத்தியார் சட்டென்று செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

அவள் தாழ்வாரத்துக்கு வந்தாள். அந்தப் பகுதியைக் கவனித்துக்கொள்ளும் ஊழியப் பெண் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதாகியும் அங்கே எல்லோருக்கும் அவள் 'சின்னக்கா'தான். கையிலிருந்த செருப்பைப் பார்த்ததும் சின்னக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. மறைக்கவும் தெரியாத மனுஷி, ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

"தினம் பத்து மணிக்கு மேடம். குளிச்சு முடிச்சதும் அந்த ஒயரைக் கழட்டிருவேன். இடுப்புல ஒரு துண்டைச் சுத்தி நான் பின்னாடி பிடிச்சுக்குவேன். கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே அந்தச் சுவர் வரைக்கும் போவாரு. இருபத்திரண்டு அடி. வாத்தியார் ஐயா எண்ணுவாரு. தட்டிப் பாத்துட்டுத் திரும்பிருவோம்."

"உங்களை யார் இதெல்லாம் செய்யச் சொன்னது? விழுந்தா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம். எனக்கும் பயந்தான்." சின்னக்கா மடித்த போர்வையையே மறுபடி பிரித்து மடித்தாள். "ஒருநாள் சாப்பாட்டை ஊட்டப் போனேன். வாயை மூடிக்கிட்டாரு. 'எந்திரிச்சு நிக்க முடியாதவனுக்கு எதுக்கும்மா தெம்பு?'ன்னு கேட்டாரு. மறுநாள் ஒயரைக் கழட்டினேன்."

அந்தப் பதில் அவள் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அங்கே கோபம் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. இடுப்பில் துண்டாம். தொழிற்சாலையில் பாதுகாப்புப் பட்டைக்குப் பதில் துண்டைக் கட்டிக்கொண்டு யாராவது ஏறினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். நேராக இல்லத்தை நடத்தும் மேட்ரனின் அறைக்குப் போனாள்.

மேட்ரன் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். "எழுதிக் கொடுத்தீங்கன்னா நடவடிக்கை எடுத்துத்தான் ஆகணும். இந்த மாதிரி தப்புக்கு வேலையில வச்சுக்க மாட்டாங்க" என்று சொல்லி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினாள். நீட்டிவிட்டு, "ஒண்ணு மட்டும் சொல்றேன்" என்றாள். "போன மாசம் குளியலறைப் பக்கம் தரை ஈரமாவே இருந்துச்சு. எங்கேருந்து தண்ணி வருதுன்னே தெரியல. உங்கப்பாதான் சுவரைத் தட்டிப் பாத்து, உள்ள குழாய் கசியுதுன்னு சொன்னார். பிளம்பர் வந்து உடைச்சா, சொன்ன இடத்துலயே ஓட்டை. அவர் அந்தச் சுவர்கிட்ட எப்படிப் போனார்னு நான் அன்னைக்குக் கேக்கல."

அவள் தாளை வாங்கிக்கொண்டு அப்பாவின் அறைக்கே வந்து உட்கார்ந்தாள். 'மதிப்பிற்குரிய' என்று எழுதினாள். அதற்குமேல் பேனா நகரவில்லை. கசிவு இருந்த அந்தக் குளியலறையை அவளும் நாலு ஞாயிற்றுக்கிழமை சோதித்திருக்கிறாள். கைப்பிடி சரியாக இருக்கிறதா, தரை விரிப்பு சுருண்டிருக்கிறதா என்றெல்லாம் பார்த்தவள் கண்ணில் அந்தச் சுவர் படவில்லை.

"அந்தப் பொண்ணை மாட்டிவிட்டுடாதம்மா" என்றார் அப்பா. "நான்தான் கெஞ்சினேன்."

"கெஞ்சுவீங்களாப்பா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உன்கிட்ட கேக்கப் பயம்." அவர் மெல்லச் சிரித்தார். "நாலு மாடி உயரத்துல சாரத்து மேல நின்னவன் நான். அன்னைக்கு நிக்கறதுக்கு யாரையும் கேட்டதில்ல. இப்பத் தரையில நிக்க அனுமதி கேக்கணும். அதுவும் பெத்த பொண்ணுகிட்ட. வாய் வரல."

அவள் பேனாவின் மூடியைப் போட்டாள். அப்பாவே தொடர்ந்தார்.

"உங்க தொழிற்சாலைல உயரத்துல வேலை வந்தா என்ன பண்ணுவே?"

"பட்டை கட்டச் சொல்வேன். கொக்கி மாட்டச் சொல்வேன். கீழ ஒரு ஆளை நிறுத்துவேன்."

"ஏறாதேன்னு சொல்ல மாட்டியா?"

"ஏறாம எப்படிப்பா வேலை நடக்கும்?"

அவர் தாழ்வாரத்தைப் பார்த்தார். கம்பியும் கோடிச் சுவரும் அங்கிருந்தே தெரிந்தன. "எனக்கும் ஒரு வேலை இருக்கும்மா" என்றார். "காலைல எந்திரிச்சு அது வரைக்கும் போயிட்டு வரணும். அதெல்லாம் ஒரு வேலையான்னு கேக்காதே. இப்போதைக்கு என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்."

இருபது வருஷமாக அவள் தன் மேலாளர்களோடு போட்ட சண்டை ஒன்று உண்டு. ஏதாவது விபத்து நடந்தால் உடனே அந்தப் பிரிவையே மூடச் சொல்வார்கள். 'வேலையை நிறுத்தினா விபத்தும் நிக்கும், அதுக்கு நான் எதுக்கு?' என்று மேஜையைத் தட்டிக் கேட்பாள். அதே அவள், அப்பா விஷயத்தில் மட்டும் பிரிவையே மூடிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பலகையில் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். பயம் அவளுடையதாக இருந்தது, நாற்காலி அவருடையதாக இருந்தது. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

'மதிப்பிற்குரிய' என்று எழுதிய தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் தொழிற்சாலையில் எழுதுவது போலவே எழுதினாள். துண்டு கூடாது, கைப்பிடி வைத்த இடுப்புப் பட்டை வேண்டும். செருப்புக்குப் பதில் கட்டுகிற காலணி. பாதி வழியில் உட்கார ஒரு நாற்காலி. சின்னக்கா இல்லாத நாளில் வேறு யார் என்பது. பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒருமுறை காலைப் பார்க்க வேண்டும் என்பது. கடைசியில் கையெழுத்துப் போட்டு, பழைய படிவத்திலிருந்த தன் வரியையும் அடித்துவிட்டு வந்தாள். விரிப்பையும் பெட்டியையும் மேட்ரன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மனம் மாறுவது ஒரு நாள் வேலை, மாறின மனதோடு இருப்பது தினசரி வேலை. மூன்று வாரம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. நாலாவது வாரம் வியாழக்கிழமை, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏணியில் ஏறுவது எப்படி என்று அவள் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"பயப்படாதீங்க" என்றாள் மேட்ரன். "அப்பா விழுந்துட்டார்."

எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளே நுழைந்ததும் கண் பழக்கதோஷத்தில் பலகைக்குப் போயிற்று. நேற்றுவரை நூற்றிருபதாக இருந்த இடத்தில் யாரோ அழித்துவிட்டு ஒரு பூஜ்யம் போட்டிருந்தார்கள்.

அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். முழங்கையில் ஐஸ் பை, முட்டியில் சின்னக் கட்டு. வாசலோரம் சின்னக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்தபடி நின்றாள். டாக்டர் பார்த்துவிட்டுப் போயிருந்தார், எலும்பில் ஒன்றுமில்லை, இன்று ஓய்வு எடுக்கட்டும் என்று. கோடிச் சுவரைத் தட்ட அப்பா கம்பியிலிருந்து கையை எடுத்திருக்கிறார். முட்டி மடங்கிவிட்டது. சின்னக்கா பட்டையை விடாமல் பிடித்து மெல்லத் தரையில் இறக்கியிருக்கிறாள். உரசினது முழங்கையும் முட்டியும்தான்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார் அப்பா.

அதே கேள்வி. மேட்ரன் பக்கத்தில் வந்து, ஒரு கையில் அந்த விரிப்பையும் மறு கையில் ஒரு படிவத்தையும் வைத்துக்கொண்டு, "மறுபடியும் போட்டுடலாமா? ஒரு கையெழுத்து போதும்" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. மேட்ரனுக்கும் பதில் சொல்ல வேண்டிய இடங்கள் இருந்தன.

உண்மையைச் சொன்னால், அவள் பேனாவை வாங்கிவிட்டாள். மூடியையும் கழற்றிவிட்டாள். கட்டிலிலிருந்த அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மகள் பயந்துபோய் வந்திருக்கும்போது தன் காலுக்காக வாதாட அந்த மனிதருக்கு வரவில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் அவளை நிறுத்தியது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, விபத்து நடந்தால் எப்போதும் கேட்கும் கேள்விகளைக் கேட்டாள்.

"பட்டை கட்டியிருந்துச்சா?"

"கட்டியிருந்துச்சு மேடம்" என்றாள் சின்னக்கா.

"ஷூ?"

"போட்டிருந்தாரு."

"எவ்வளவு நேரம் தரையில இருந்தார்?"

பதில் கணக்கு வாத்தியாரிடமிருந்து வந்தது. "நாப்பது செகண்டு. நான் எண்ணினேன். அந்த நாப்பது செகண்டும் இந்தம்மா அவர் தலையை மடியில வச்சிருந்துச்சு."

நாற்பது விநாடி. அன்றைக்கு ஆறு மணி நேரம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அவளுக்கு ஒன்று விளங்கியது. இத்தனை நாளும் அவளை அரித்தது அப்பா விழுந்தது அல்ல. விழுந்தவரைத் தூக்க ஆளில்லாமல் கிடந்தது. அந்தத் தனிமைக்குப் பரிகாரம் தேடப் போய், அவரை ஒரு நாற்காலியில் தனியாக உட்கார வைத்துவிட்டாள். அவள் சின்னக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

"இதை உள்ளேயே வச்சிடுங்க மேட்ரன்" என்று விரிப்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பத்து மணிக்கு வந்தாள். போன் வராமல், வார நாளில் அவளாகவே வந்தது அதுதான் முதல் தடவை. பட்டையின் கைப்பிடியைத் தானே பிடித்துக்கொண்டாள். அப்பா எழுந்து நின்றதும்தான் அவர் தன்னைவிட உயரம் என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது. எட்டு மாதத்துக்கு மேலாக அவள் அவரைக் குனிந்தே பார்த்து வந்திருக்கிறாள். கணக்கு வாத்தியார் சத்தமாக எண்ண, இருபத்திரண்டு அடி. ஒவ்வோர் அடிக்கும் அவள் கண் அவர் முட்டியிலேயே இருந்தது.

கோடிச் சுவர் வந்ததும் அப்பா கம்பியை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டினார். "உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பட்டி பாத்து, ரெண்டு கோட்டு அடிக்கணும். ஞாயித்துக்கிழமை வரும்போது நாலு அங்குல பிரஷ் ஒண்ணு வாங்கிட்டு வா."

"ஏணி கிடையாது."

"கேட்டேனா நான்? கம்பியை விடாம கைக்கு எட்டற வரைக்கும் நான் அடிச்சா போதும். அதுக்கு மேல நீ அடி, பக்கத்துல நின்னு நான் சொல்றேன்."

திரும்பி வரும்போது அவள் பலகை முன்னால் நின்றாள். பூஜ்யம் போய் ஒன்று வந்திருந்தது. எழுதுகோலை எடுத்து, அதற்குக் கீழே இன்னொரு வரியைச் சேர்த்தாள்: இன்று எழுந்து நடந்தவர்கள். பக்கத்தில் ஒன்று என்று போடப் போனாள்.

"ரெண்டுன்னு போடுங்க" என்றார் கணக்கு வாத்தியார் பின்னாலிருந்து. "நான் சாயங்காலம் நடக்கறதா இருக்கேன்."

மேட்ரன் வந்து பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மத்த வீட்டுக்காரங்க வந்து கேப்பாங்க. விழுந்த மறுநாளே நடக்க விட்டுட்டீங்களான்னு கேப்பாங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கனம் பட்டை வழியாக அவள் உள்ளங்கையில் இருந்தது.

"நானும் பலகையில நம்பர் ஏறுச்சா, இறங்குச்சான்னு பாத்துட்டு இருந்தவதான் மேட்ரன். கட்டிப்போட்டா யாரும் விழமாட்டாங்க. ஆனா அதுக்குப் பேரு பாதுகாப்பு இல்லை. வயசானவங்களோட கையை விடாதீங்க, காலைக் கட்டாதீங்க. பாத்துக்கறதுன்னா அவ்வளவுதான்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு, "வாங்கப்பா" என்று பட்டையை இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அவர் அடி எடுத்து வைப்பதற்காகக் காத்து நின்றாள்.